ஆறு பெக்குக்குப் பிறகும் ஏறவில்லை என்றால்

கேள்வி: எனக்கு வயது 41. பன்னிரண்டு வருடங்களாகக் குடிக்கிறேன். ஆரம்பத்தில் இரண்டு பெக்கிலேயே தலை சுற்றும். இப்போது ஆறு போனாலும் ஒன்றும் தெரிவதில்லை. நேராக நடக்கிறேன், பேச்சு குளறுவதில்லை, வண்டிகூட ஓட்டுகிறேன். "உனக்குக் கெப்பாசிட்டி அதிகம்" என்று நண்பர்கள் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனையில் லிவர் நார்மல். ஆனால் சில மாதங்களாகக் காலையில் கை லேசாக நடுங்குகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து வியர்த்துக் கொட்டுகிறது. நண்பர் கொடுத்த தூக்க மாத்திரை ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், எனக்கு வேலை செய்யவில்லை. அடுத்த வாரம் பத்து நாள் விடுப்பு எடுத்து, வீட்டிலேயே இருந்து ஒரே அடியாக நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். என் உடம்பு தாங்கும்தானே, டாக்டர்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: உங்கள் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், அடுத்த வாரம் என்று எழுதியிருக்கிறீர்களே. தனியாக, எந்த மருத்துவருக்கும் தெரியாமல், ஒரே அடியாக நிறுத்தாதீர்கள். குடியை விட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விடத்தான் வேண்டும், இந்த விடுப்பிலேயே விடலாம். ஆனால் காலையில் கை நடுங்கும் நிலைக்கு வந்துவிட்டவர் எப்படி நிறுத்துகிறார் என்பதில் அவருடைய உயிர் அடங்கியிருக்கிறது. போதை தரும் பொருட்களில் பலவற்றைத் திடீரென்று விட்டால் சில நாள் படாத பாடு படுவார்கள், அவ்வளவுதான். விட்டதாலேயே உயிர் போகக்கூடியவை சிலதான். மது அவற்றில் ஒன்று.

நடுக்கத்தையும் கெப்பாசிட்டியையும் இரண்டு தனித்தனி விஷயங்களாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று பெருமை, மற்றது தொந்தரவு. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறார்கள். உண்மையில் இரண்டும் ஒன்றுதான். உங்கள் மூளையில் நடந்திருக்கும் ஒரே மாற்றம், மது உள்ளே இருக்கும்போது தள்ளாடாத நடையாகத் தெரிகிறது. மது இறங்கியதும் நடுக்கமாகத் தெரிகிறது.

மதுவில் போதை தரும் பொருளான எத்தனால் மிகச் சிறிய மூலக்கூறு. நீரிலும் கரையும், கொழுப்பினூடேயும் புகும். அதனால் குடித்த சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போய்விடுகிறது. அங்கே அது ஒரே இடத்தில் வேலை செய்வதில்லை, பல இடங்களில் ஒரே நேரத்தில் கை வைக்கிறது. அவற்றில் இரண்டைப் புரிந்துகொண்டால் உங்கள் கடிதத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்துவிடும்.

முதலாவது காபா. நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் வேதிப்பொருள் இது. காபா வந்து தன் ஏற்பியில் (நரம்பணுவின் மேல் இருந்து அதை வாங்கிக்கொள்ளும் புரதம்) அமர்ந்ததும் குளோரைடு அயனிகள் நரம்பணுவுக்குள் பாயும், அந்த அணு அடங்கும். மது இந்த விளைவைக் கூட்டிவிடுகிறது. பதற்றம் தணிவது, கூச்சம் போவது, கால் பின்னுவது, கண் சொருகுவது எல்லாவற்றிலும் இதற்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டாவது குளூட்டமேட். இது நரம்பணுக்களைத் தூண்டும் வேதிப்பொருள். இதற்குரிய ஏற்பிகளில் என்.எம்.டி.ஏ. என்ற ஒரு வகையை மது அடக்கிவிடுகிறது. புதிய நினைவுகள் பதிவதற்கு இந்த ஏற்பி அவசியம். அதிகம் குடித்த இரவில் பேசியது, நடந்தது எதுவுமே மறுநாள் நினைவுக்கு வராமல் போகிறதல்லவா? அவை மறந்து போனவையல்ல, பதிவாகவே இல்லாதவை. இப்படி அமைதிப்படுத்துவதைக் கூட்டி, தூண்டுவதைக் குறைத்து, மொத்தத்தில் மூளையை மந்தமாக்குகிறது மது. முதல் பெக்கில் வரும் இதம் வேறு கணக்கு. அது இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமினும் மூளை தானே சுரக்கும் எண்டார்ஃபினும் சேர்ந்து தருவது.

மூளை இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. எதிர்வேலை முதல் இரவிலேயே தொடங்கிவிடுகிறது. எட்வர்ட் மெல்லன்பி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1919இல் நாய்களுக்கு மது கொடுத்துச் சோதித்தபோது ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ரத்தத்தில் மதுவின் அளவு ஏறிக்கொண்டிருக்கும்போது குறிப்பிட்ட ஒரு அளவில் காணப்படும் தள்ளாட்டம், பிறகு இறங்கும்போது அதே அளவில் காணப்படுவதில்லை. மனிதர்களுக்கும் இப்படித்தான். சில மணி நேரத்திலேயே "தெளிந்துவிட்டது" என்று தோன்றுவதற்கு இது ஒரு காரணம். ஆனால் தெளிந்த உணர்வுதான் முதலில் திரும்புகிறதே தவிர, தவறான அசைவை நொடியில் அடக்கிக்கொள்ளும் திறன் அதே வேகத்தில் திரும்புவதில்லை. வண்டி ஓட்டுவதைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனீர்கள். நானும் ஒரு வரியில் சொல்கிறேன்: குடித்த இரவில் சாவியைத் தொடாதீர்கள், உங்கள் நடை எவ்வளவு நேராக இருந்தாலும்.

தினமும் குடிக்கும்போது இந்த எதிர்வேலை நிரந்தரமாகிவிடுகிறது. காபா ஏற்பிகளில் ஒரு பகுதியை நரம்பணு தன் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. மிஞ்சுகிறவற்றின் அமைப்பும் மாறுகிறது. ஒவ்வொரு காபா ஏற்பியும் ஐந்து துண்டுப் புரதங்கள் கூடி அமைந்தது. விலங்குகளில் செய்த ஆய்வுகளில், தொடர்ந்து மது கொடுத்தால் ஆல்ஃபா-1 என்ற துண்டு குறைந்து ஆல்ஃபா-4 கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். மறுபக்கம், அடக்கப்பட்ட என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் பெருகுகின்றன. கதவை வெளியிலிருந்து ஒருவர் தள்ளத் தள்ள, உள்ளே இருப்பவர் அதே பலத்தோடு எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருப்பதைப் போல. பார்ப்பவருக்குக் கதவு அசையாமல் இருப்பதாகத்தான் தெரியும். அந்த அசையாத கதவைத்தான் உங்கள் நண்பர்கள் கெப்பாசிட்டி என்கிறார்கள். வெளியே தள்ளுகிறவர் சட்டென்று விலகிவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு உங்கள் கையில் நடப்பது அதன் சிறு அளவு.

விடியற்காலை மூன்று மணி விழிப்பும் அதுவேதான். மது தூக்கத்தின் முதல் பாதியை ஆழமாக்கும், கனவுத் தூக்கத்தை அமுக்கும். உடம்பு மதுவை எரித்து முடிக்கும் பின்னிரவில் அமுக்கப்பட்டதெல்லாம் திரும்பக் கிளம்பும். தினமும் குடிப்பவருக்கு இதோடு விலகல் அறிகுறிகளும், அதாவது மது இறங்கும்போது வரும் தொந்தரவுகளும், சேர்ந்துகொள்கின்றன: வியர்வை, படபடப்பு, காரணமில்லாத பயம். இரவு ஒன்பது, பத்து மணிக்குக் கடைசி பெக் என்று வைத்துக்கொண்டால் மூன்று மணி என்பது கணக்குக்குச் சரியாகவே வருகிறது.

முழுவதுமாக நிறுத்தினால் இது எங்கே போகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பயமுறுத்த அல்ல, நாட்களை எண்ணிவைத்துக்கொள்ள. நடுக்கம், குமட்டல், பதற்றம் எல்லாம் கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 8 மணி நேரத்தில் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதற்கு முன் வாழ்நாளில் வலிப்பே வராதவருக்கும் வரலாம். இல்லாத குரல் கேட்பது, இல்லாத பூச்சி ஊர்வது போன்றவை முதல் ஓரிரு நாட்களில் எட்டிப்பார்க்கலாம். டெலிரியம் என்று நாங்கள் சொல்லும் மிக மோசமான நிலை 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும். ஆள் இடம் தெரியாத குழப்பம், காய்ச்சல், எகிறும் ரத்த அழுத்தம். எல்லோருக்கும் வராது, சிறுபான்மையினருக்குத்தான். ஆனால் சிகிச்சை இல்லாவிட்டால் உயிரைக் கொண்டுபோகும். நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தில் இந்த மூன்றாம், நான்காம் நாட்களில் வீட்டுக்குள் தனியாக இருப்பீர்கள்.

இதெல்லாம் சரியாகச் சாப்பிடாததால் வருகிறது என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவர்களிலேயே பலர் நம்பினார்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் நகரில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர் 1955இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. தன்னார்வலர்களுக்கு நல்ல உணவும் வைட்டமினும் கொடுத்து, கூடவே வாரக்கணக்கில் மதுவும் கொடுத்து, பிறகு திடீரென்று நிறுத்தினார்கள். அதிக நாள் குடித்தவர்களிடையே வலிப்பும் டெலிரியமும் வந்தன. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. அதன் முடிவு உங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது: நன்றாகச் சாப்பிடுகிறேன், உடற்பயிற்சி செய்கிறேன் என்பதெல்லாம் இதற்குக் காப்பு இல்லை.

முன்பு ஒரு முறை நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லையே என்ற நினைப்பு இருந்தால் அதையும் நம்பாதீர்கள். குடித்து, நிறுத்தி, மறுபடி குடித்து, மறுபடி நிறுத்துகிறவர்களுக்கு ஒவ்வொரு நிறுத்தமும் முந்தையதைவிடக் கடுமையாகும் வாய்ப்பு உண்டு. மூளை ஒவ்வொரு முறையும் முன்னைவிடச் சுலபமாகக் கிளர்ந்துவிடுகிறது.

கெப்பாசிட்டி என்று நீங்கள் சொல்லும் இந்தத் தாங்குதிறனுக்கு மூளை மட்டும் காரணமில்லை, கல்லீரலும் கொஞ்சம் கைகொடுக்கிறது. தொடர்ந்து குடிப்பவர்களிடம் சி.ஒய்.பி.2இ1 என்ற நொதி கூடுகிறது, மது வேகமாக எரிகிறது. சாதாரணமாக ஒருவரின் ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் (100 மில்லி ரத்தத்துக்கு) குறையும் என்றால், நாள்பட்ட குடிகாரரிடம் அதைவிட வேகமாகக் குறையும். இதே நொதிதான் பாராசிட்டமாலில் ஒரு பகுதியை நச்சுப்பொருளாக மாற்றுகிறது. காலைத் தலைவலிக்கு அந்த மாத்திரையைத் தினமும் போடும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். லிவர் நார்மல் என்று வந்த ரிப்போர்ட் நல்ல செய்திதான். அது கல்லீரல் நொதிகளைப் பற்றிய செய்தி, அவ்வளவே. வருடக்கணக்கில் குடிப்பவர்களிலும் அந்த எண்கள் நார்மலாக இருப்பது உண்டு. மூளையின் ஏற்பிகளைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் எந்த லேபிலும் இல்லை.

மூன்றாவதாக ஒரு வகைத் தாங்குதிறன் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதால் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதே அறை, அதே நண்பர்கள், அதே கிளாஸ், அதே நேரம் என்று குடிப்பவரின் உடல், முதல் வாய் உள்ளே போவதற்கு முன்பே எதிர்வேலையைத் தொடங்கிவிடுகிறது. மணியோசை கேட்டால் எச்சில் ஊறப் பழக்கப்பட்ட பாவ்லோவின் நாய்களிடம் நடந்தது போன்ற கற்றல்தான் இது. ஷெப்பர்ட் சீகல் என்ற கனடிய உளவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்தவர். பழக்கமில்லாத இடத்தில், பழக்கமில்லாத பானத்தில் அதே அளவை ஒருவர் குடித்தால், அந்த முன்தயாரிப்பு இல்லாததால் போதை எதிர்பாராமல் அதிகமாக ஏறும். "வீட்டில் ஒன்றும் செய்யாது, வெளியூரில் மூன்றிலேயே கவிழ்ந்துவிட்டேன்" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. குடியை விட்ட பிறகு மாலை ஏழு மணிக்கு அந்தக் கிளாஸைப் பார்த்ததும் வரும் தவிப்புக்கும் இந்த முன்தயாரிப்பே ஒரு காரணம். மது வரவில்லை, எதிர்வேலை மட்டும் வந்து நிற்கிறது.

கெப்பாசிட்டியை மெச்சும் நண்பர்களிடம் சொல்ல ஒரு ஆய்வு உண்டு. மார்க் ஷுக்கிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், இருபது வயதை ஒட்டிய இளைஞர்களுக்கு அளவாக மது கொடுத்து யாருக்கு எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துவைத்தார். சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களைத் தேடிப்போய் விசாரித்து 1994இல் வெளியிட்டார். அன்று குறைவாக ஏறியவர்கள்தான் பிற்பாடு அதிகமாகக் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். ஏறாதது அவர்களைக் காப்பாற்றவில்லை. போதும் என்று உடம்பு சொல்லும் இடம் தள்ளிப்போனதால் அவர்கள் இன்னும் குடித்தார்கள். உங்களுக்கு ஆரம்பத்தில் இரண்டிலேயே ஏறியது என்பதால் பிறவியிலேயே இப்படி இல்லை, பன்னிரண்டு வருடத்தில் நீங்கள் வளர்த்துக்கொண்டது.

"உடம்பு தாங்கும்தானே" என்று கேட்டிருந்தீர்கள். தாங்குதிறன் உடம்பு முழுவதும் ஒரே அளவில் வளர்வதில்லை. நடை, பேச்சு, தூக்கக் கலக்கம் இவற்றுக்கெல்லாம் நன்றாக வளர்கிறது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டுக்கு அந்த அளவுக்கு வளர்வதில்லை. உயிரைப் பறிக்கும் அளவு பெரிதாக மேலே ஏறாமலிருக்க, போதை தெரியும் அளவு மட்டும் மேலே மேலே போகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வருடா வருடம் சுருங்குகிறது. கல்லீரல், கணையம், இதயத் தசை, உணவுக்குழாய் எதுவும் மதுவின் நச்சுக்குப் பழகிக்கொள்வதில்லை. ஆறு பெக்கின் சேதத்தை ஆறு பெக்குக்கும் முழுசாக வாங்கிக்கொள்கின்றன. உங்கள் பெக் 30 மில்லியா 60 மில்லியா என்று நீங்கள் எழுதவில்லை. 40 சதவீத மதுவில் 30 மில்லி என்றால் சுமார் 9.5 கிராம் எத்தனால். ஆறு என்றால் 57 கிராம். 60 மில்லி என்றால் 114. இரண்டுமே அதிகம்தான், இரண்டாவது மிக அதிகம். கல்லீரல் தளர்ந்த பிறகும் வயதான பிறகும் இந்தத் தாங்குதிறன் தலைகீழாகத் திரும்பி, இரண்டு பெக்கிலேயே கவிழ்கிற கட்டமும் வரும். குறைவாகக் குடிக்கிறான், திருந்திவிட்டான் என்று வீட்டில் அதைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள்.

தூக்க மாத்திரை. அது வேலை செய்யாததற்கும் இதே காரணம்தான் என்று நினைக்கிறேன். வழக்கமாகப் புழங்கும் தூக்க மாத்திரைகள் பெரும்பாலும் மது தொடும் அதே காபா ஏற்பியில்தான் வேலை செய்கின்றன. மதுவுக்குப் பழகிய ஏற்பி அவற்றுக்கும் பாதி பழகிவிட்டது. இங்கே நான் பயப்படுவது நீங்கள் போட்ட ஒரு மாத்திரைக்கு அல்ல. ஒன்று வேலை செய்யவில்லை, இரண்டு போடலாம் என்று ஒரு குடித்த இரவில் தோன்றுமே, அதற்குத்தான். மதுவும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் தூக்கம் வருவதற்கு முன்பே மூச்சு அடங்கிவிடலாம். மிச்சமிருந்தால் நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் அதே வகை மருந்துதான் எங்கள் சிகிச்சையின் அடிப்படையும். டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு, கல்லீரல் பழுதாகியிருந்தால் லோரசெபாம். மது விலகிய இடத்தில் இவற்றைத் தகுந்த அளவில் வைத்து, சுமார் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து எடுத்துவிடுவோம். மூளை அந்த அவகாசத்தில் தன் எதிர்வேலையைத் தளர்த்திக்கொள்ளும். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1, பெரும்பாலும் ஊசியாக. இதைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். நாள்பட்ட குடியில் தயமின் உடலில் சேர்வது குறைந்துவிடும். அது தீர்ந்துபோனால் கண் அசைவு தடுமாறி, நடை குலைந்து, குழப்பம் வரும். கார்ல் வெர்னிக்கே 1881இல் விவரித்த நோய் இது. நேரத்தில் கவனிக்காவிட்டால் புதிய நினைவே பதியாத நிலையில் ஒருவரை நிரந்தரமாக விட்டுவிடும். களைப்பாக இருக்கிறதென்று வரும் குடிநோயாளிக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

அந்த ஒரு வாரம் மருத்துவமனையில் இருக்க வேண்டுமா, வீட்டிலிருந்தே தினமும் போய்வரலாமா என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். முன்பு வலிப்பு வந்திருந்தால், வேறு நோய் இருந்தால், வீட்டில் கூட இருக்க ஆளில்லை என்றால் அனுமதித்துவிடுவதே என் வழக்கம். எங்கிருந்தாலும் வலிப்போ, குழப்பமோ, இல்லாததைப் பார்ப்பதோ, காய்ச்சலோ வந்தால் அது உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலை. வீட்டிலிருப்பவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முதல் வாரம் முடிந்த பிறகு குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு. அகாம்ப்ரோசேட் மேலே சொன்ன அந்தக் கிளர்ந்த குளூட்டமேட் அமைப்பைத் தணிப்பதாகக் கருதப்படுகிறது. நால்ட்ரெக்சோன் எண்டார்ஃபின் ஏற்பிகளை மறித்து முதல் பெக்கின் இதத்தைக் குறைக்கிறது. டைசல்ஃபிராம் வேறு மாதிரி. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, சிலருக்கு ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். தெரிந்து, சம்மதித்து எடுப்பவருக்கு அது உதவும். உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்து ஐ.சி.யூ.வில் முடிந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்பிகள் பெருமளவு சில வாரங்களில் பழைய சமநிலைக்கு வந்துவிடும். தூக்கம் மட்டும் அடம் பிடிக்கும், சிலருக்கு மாதக்கணக்கில். "நிறுத்தியும் தூக்கம் வரவில்லை, அப்புறம் எதற்கு நிறுத்தினேன்" என்று மூன்றாம் வாரத்தில் தோன்றும். அந்தக் கட்டத்தில்தான் பலர் திரும்பிப் போகிறார்கள். டோபமின் வழியும் மந்தமாகவே இருக்கும், முன்பு பிடித்த எதிலும் ருசி இல்லாததுபோல இருக்கும். அதுவும் மெல்ல மீளும். இதனோடு ஒரு எச்சரிக்கையும்: சில வாரம் குடிக்காமலிருந்தாலே தாங்குதிறன் இறங்கிவிடுகிறது. அப்போது சறுக்கிப் பழைய ஆறு பெக்கைப் பழைய வேகத்தில் குடித்தால், அது பழக்கமில்லாத ஒருவர் ஆறு பெக் குடிப்பதற்குச் சமம்.

விடுப்பை ரத்து செய்ய வேண்டாம், பத்து நாளும் தேவைப்படும். அதற்கு முன், இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரையோ போதை மீட்புப் பிரிவு உள்ள மருத்துவமனையையோ பாருங்கள். அதுவரை அளவைக் கூட்டாதீர்கள், வீம்புக்குச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். அங்கே போகும்போது நான்கு தகவல்களைத் தயாராக வைத்திருங்கள்: தினமும் எத்தனை மில்லி, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது என்ன ஆனது, வேறு என்ன மாத்திரைகள் போடுகிறீர்கள். முதல் கேள்விக்கு எல்லோரும் கூச்சத்தில் பாதிதான் சொல்வார்கள். தயவுசெய்து முழுதாகச் சொல்லுங்கள். உங்களுக்குத் தரவேண்டிய மருந்தின் அளவை அதைவைத்துத்தான் கணக்கிடுவோம். நீங்கள் பாதி சொன்னால் மருந்தும் பாதியாகத்தான் வரும், அது போதாது என்பது இரண்டாம் நாள் இரவில் வலிப்பாகத்தான் தெரியவரும்.